ரப்பர் முத்திரையை எவ்வளவு நம்பலாம்?

கையெழுத்து இருக்கிறது, தேதியும் இருக்கிறது. "முத்திரை எங்கே?" என்று கேட்கிறார் குமாஸ்தா. மனுவைக் கொண்டுவந்தவர் வந்த வழியே திரும்பிப் போகிறார். காரியாலயங்களில் அன்றாடம் காணக்கூடிய காட்சிதான் இது. ஊதா மையில் வட்டமாக ஓர் அடையாளம் விழுந்துவிட்டால் போதும், வெறும் காகிதத்துக்கும் தனிக் கௌரவம் வந்துவிடுகிறது. முத்திரையில்லாத உண்மை வாசலில் நிற்கிறது. முத்திரை விழுந்த பொய்யோ தாராளமாக உள்ளே நுழைந்துவிடுகிறது.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக இருந்தது எது? முத்திரை செய்வது எல்லோராலும் ஆகிற காரியமல்ல என்ற எண்ணந்தான். லேசர் யந்திரம் வந்த பிறகு அந்த ஆதாரம் ஆட்டங்கண்டுவிட்டது.

அச்சுக் கோத்த காலம்

ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டறிந்தார். ரப்பர் முத்திரை பிறந்தது அதற்குப் பிறகுதான். முதலில் ஈய எழுத்துக்களைக் கோக்க வேண்டும். அதிலிருந்து ஒரு படிவம் எடுக்க வேண்டும். படிவத்தின்மேல் ரப்பர்த் துண்டை வைத்துச் சூடேற்றி அழுத்த வேண்டும். பின்னாளில், புற ஊதா ஒளி பட்ட இடத்தில் மட்டும் கெட்டியாகும் ஒருவகைப் பிசின் வந்தது. எந்த முறையானாலும் பயிற்சியும் தளவாடமும் வேண்டியிருந்தன. ஆகையால் முத்திரை வேண்டுவோர் அதற்கென்று உள்ள கடையைத் தேடிப் போகவேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் வந்து தாசில்தார் முத்திரை கேட்டால், கடைக்காரர் சற்று யோசிக்கவாவது செய்வார்.

ஒளியே உளி

லேசர் ஒளியை 1960-ல் முதன்முதலாக உண்டாக்கிக் காட்டியவர் தியோடர் மைமன். கரியமில வாயுவைக் கொண்டு இயங்கும் லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவாக்கியவர் குமார் படேல். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பாராமதியில் பிறந்தவர். அவர் கண்ட அந்த லேசர்தான் இன்று முத்திரைக் கடைகளில் உளியாகிவிட்டது.

அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ரப்பர் அதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒளி பட்ட இடம் அக்கணமே புகையாகிவிடும். வேண்டிய வாசகத்தைக் கம்ப்யூட்டரில் அமைத்து, கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றிக் கொடுத்தால், யந்திரம் எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள ரப்பரை வரிவரியாகச் சுட்டு நீக்குகிறது. எழுத்தின் அடிப்பாகம் அகன்றிருக்கும்படி சரிவும் விடுகிறது. இல்லாவிட்டால் அழுத்தும்போது மெல்லிய கோடுகள் வளைந்து பதிவு கலங்கிவிடும். சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழமே போதும். சோப்பு நீரில் கழுவி, வெட்டி, கைப்பிடியில் ஒட்டினால் வேலை முடிந்தது. எல்லாம் சில நிமிஷக் கணக்குத்தான்.

இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. தமிழ் எழுத்தை எந்த வடிவிலும் எந்த அளவிலும் பொறிக்கலாம். அப்பளம் விற்பவரும் காகிதப் பை செய்பவரும் தங்கள் அடையாளத்தைக் குறைந்த செலவில் பதிக்கலாம். புகை வெளியேற வழியும், லேசருக்கென்றே தயாரித்த ரப்பர்த் தகடும் இருந்தால் இது நல்ல சிறு தொழிலாகும்.

அசலும் நகலும்

ஆனால் நல்ல கருவி நல்லவர் கைக்கு மட்டுமே போகும் என்பதில்லை. பழைய கடிதத்தில் விழுந்த முத்திரையின் படம் ஒன்று கிடைத்தால், தேய்ந்த எழுத்து, உடைந்த விளிம்பு உட்பட அதைப்போலவே இன்னொன்றைச் செய்துவிடலாம். முன்பெல்லாம் போலியைக் காட்டிக்கொடுத்தது கைவேலையின் குறைதான். யந்திரத்தின் வேலையிலோ அந்தக் குறையைக் காண்பது அரிது. மேஜைமேல் வைக்கக்கூடிய சிறு யந்திரங்கள் வந்துவிட்டபடியால் கடைக்காரரின் யோசனைக்கும் இடமில்லாமல் போயிற்று.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 341-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. உயில் போன்ற முக்கிய பத்திரங்களைப் போலியாகத் தயாரிக்கும் நோக்கத்துடன் கள்ள முத்திரை செய்வோருக்கும் வைத்திருப்போருக்கும் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். ஆனால் சட்டம் வருவது மோசடி நடந்த பிறகு. நிலத்தைப் பறிகொடுத்தவன் அதற்குள் கோர்ட்டு வாசலில் நிற்கிறான்.

பரிகாரம் என்ன?

அரசாங்கம் இதை உணராமல் இல்லை. மின்னணுக் கையெழுத்துக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகாரம் அளித்தது. கெஜட்டட் ஆபீசரைத் தேடி அலையாமல், மனுதாரரே தம் நகலில் கையொப்பமிட்டுக் கொடுக்கும் முறையை மத்திய அரசாங்கம் 2014-ல் ஊக்குவித்தது. கம்பெனிகளுக்குப் பொது முத்திரை கட்டாயமில்லை என்று 2015-ல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் இ-சேவை மையங்கள் மூலம் கிடைக்கும் வருமானச் சான்று, சாதிச் சான்று முதலியவை மின்னணுக் கையெழுத்துடன் வருகின்றன. அவை உண்மைதானா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்துக்கொள்ளலாம் என்பது சரி. பார்க்கிறார்களா என்பதே கேள்வி. அச்சிட்ட தாளில் கறுப்புக் கட்டங்கள் நிறைந்த ஒரு சதுரம் இருக்கிறது, அது போதும் என்று வாங்கி வைத்துக்கொண்டால், அந்தச் சதுரமும் இன்னொரு ரப்பர் முத்திரைதான். அதைப்போலவே ஒரு சதுரத்தை வரைந்து ஒட்டுவது, முத்திரை செய்வதைக் காட்டிலும் சுலபம்.

ஆகவே, சரிபார்க்க வேண்டிய பொறுப்பு சான்றை வாங்குகிற காரியாலயத்தைச் சேர்ந்தது. அதை ஏழை மனுதாரரின் தலையில் கட்டக் கூடாது. பதவி முத்திரை செய்யக் கேட்போரிடம் அதிகாரக் கடிதம் வாங்கி, கணக்கில் பதிந்து வைப்பது கடைக்காரருக்கும் பாதுகாப்பு. "பெறப்பட்டது" என்று குறிக்கவும், தேதியிடவும், கடைப் பெயர் பதிக்கவும் ரப்பர் முத்திரை நெடுங்காலம் பயன்படும். அந்த வேலைக்கு அது போதும்.

முத்திரை ஓர் அடையாளமே. அது சான்று ஆகாது. கையெழுத்திட்டவர் யார், அவர் உண்மையிலேயே கையெழுத்திட்டாரா என்று ஒருமுறை விசாரித்தால், அசல் மனுவைக் கொண்டுவந்தவர் திரும்பிப் போக வேண்டியதில்லை. திரும்பிப் போகவேண்டியவன், கள்ள முத்திரையுடன் வந்தவனே.