ஆக்ரா கோட்டையில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி

சென்ற விடுமுறையில் மதரஸா மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு ஆக்ரா சென்றிருந்தோம். அங்கு செல்வோர் தாஜ்மஹாலுக்கே விரைவர். நாங்கள் முதலில் கோட்டைக்குச் சென்றோம். யமுனைக் கரையில் 1565இல் அக்பர் எழுப்பத் தொடங்கிய செம்மணற்கல் கோட்டை அது. சுற்றுமதில் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். உள்ளே பெரும்பகுதி இன்றும் இராணுவத்தின் வசம் இருக்கிறது.

ஆற்றை நோக்கிய பக்கத்தில் வெண்பளிங்கால் ஆன எண்கோண மாடம் ஒன்று உண்டு. முஸம்மன் புர்ஜ் என்பது அதன் பெயர். அதைக் கட்டியவர் ஷாஜஹான். 1658 ஜூன் முதல் 1666 ஜனவரியில் வஃபாத்தாகும் வரை, ஏழரை ஆண்டுகள் அவர் இக்கோட்டையிலேயே காவலில் இருந்தார்; இறுதி நாட்களை இம்மாடத்தில் கழித்தார் என்பர். ஆற்றின் வளைவில் மனைவியின் கபுர் தெரிகிறது.

சிறை வைத்தவர் மகன் ஔரங்கசீப் என்று வழிகாட்டி கூறியபோது, ஹிஃப்ழு வகுப்பு மாணவன் ஒருவன் எம் கையைப் பற்றினான். “ஹஜ்ரத், அவங்க தொப்பி தைச்சு வித்துச் சாப்பிட்டவங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

ஆம், நாம்தான் சொன்னோம். ஆண்டுதோறும் சொல்கிறோம். அவருடைய ஆணையால் உலமாக்கள் தொகுத்த ‘ஃபதாவா ஆலம்கீரி’யைப் பற்றியும், குல்தாபாதில் உள்ள அவரது எளிய கபுரைப் பற்றியும் சொல்கிறோம். கோட்டையைப் பற்றி மட்டும் சொல்வதில்லை.

அங்கே நடந்தது இதுதான். முதியவரும் நோயாளியுமான தந்தை வாயில்களை அடைத்துக்கொண்டார். மகனின் படை ஆற்றுப் பக்க வாயிலைக் கைப்பற்றி, யமுனை நீர் உள்ளே போகாமல் தடுத்தது. உள்ளிருந்த கிணற்று நீர் கரித்தது. சில நாட்களில் கோட்டை பணிந்தது. தண்ணீரை மறித்தார்கள் என்றதும் நம் மக்களுக்கு வேறோர் ஆற்றங்கரை நினைவுக்கு வரும்; அதை இங்கு விரிக்க விரும்பவில்லை.

இதற்கு நம்மிடையே ஒரு பதில் தயாராக இருக்கிறது: அது அரசியல், தாரா ஷிகோவின் பக்கம் தந்தை சாய்ந்திருந்தார், வேறு வழியில்லை. ஷாஜஹானும் தம் தந்தை ஜஹாங்கீருக்கு எதிராகக் கிளர்ந்தவர்தாம் என்பதும் உண்மையே. ஆனால், இணைவைக்கச் சொல்லி வற்புறுத்தும் பெற்றோருக்குக்கூட அதில் மட்டும் கீழ்ப்படியாமல், உலக வாழ்வில் அவர்களுடன் அழகிய முறையில் நடந்துகொள்ளுமாறு பணிக்கிறது அல்குர்ஆன். ஆட்சிக்காக விலக்கு உண்டென்று நாம் எங்கும் ஓதியதில்லை.

முகலாயர்களை இழிவாகப் பேசுவோர் பெருகிவிட்ட இக்காலத்தில் இதை நாமே எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். வெறுப்பவர்கள் அவரது குறையை மட்டும் சொல்கிறார்கள். நாம் அதை மட்டும் மறைத்தால், நம் பிள்ளைகள் அதை அவர்களிடமிருந்தே முதன்முதலாகக் கேட்பார்கள். அப்போது நம்முடைய மற்றச் சொற்களையும் சந்தேகிப்பார்கள்.

அந்த மாடத்தில் வேறொன்றும் உறுத்தியது. சிறைப்பட்டவருக்குப் பளிங்குத் தரையும் ஆற்றுக் காற்றும் இருந்தன. மகன்தான் ஒருமுறையும் நேரில் வரவில்லை. கடிதங்கள் மட்டும் வந்தன. வளைகுடாவிலிருந்து பணமும் கைபேசியும் அனுப்பி, வாப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று நிறைவு கொள்ளும் இல்லங்கள் நம் ஊர்களில் எத்தனை! பிழைப்புக்காகப் பிரிந்திருப்பவர்களைக் குறை கூறவில்லை. ஊருக்கு வந்தும் அந்த அறைக்குள் நுழையாதவர்களைச் சொல்கிறோம்.

ஷாஜஹானுடன் கடைசிவரை இருந்தவர் மகள் ஜஹானாரா. டெல்லியில் நிஜாமுத்தீன் தர்கா வளாகத்தில் உள்ள அவரது கபுரின் மேல் கூரை இல்லை, மண்ணும் பசும்புல்லும்தாம். மறுநாள் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, முதலில் அவர் யாரென்று சொன்னோம். பின்னர், தொப்பிக் கதையில் விட்டுப்போன பகுதியைச் சொல்லத் தொடங்கினோம்.