எண்ணெய் கூறும் சாட்சி

பொதுமக்களின் பணத்தில் வாங்கிய பஸ் வண்டியொன்று எஞ்சின் பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டால், அதனை விதியின் செயலென்று கூறித் தட்டிக்கழிப்பது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது விதியின் செயலன்று, அசட்டையின் செயல். தேய்ந்து அழியும் எஞ்சின் ஒரே நாளில் அழிவதில்லை. பல வாரங்களாக, சில வேளைகளிற் பல மாதங்களாக, அது தன் நோயைச் சொல்லிக்கொண்டேயிருக்கிறது. அதன் வாக்குமூலம் எஞ்சின் எண்ணெயிலே பதிவாகிறது. அதைப் படித்தறிய வழியிருந்தும் படியாதிருப்பவர்கள் யாருக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் என்பதே நாம் இங்கு எழுப்பும் கேள்வி.

எஞ்சினுக்குள் உலோகப் பகுதிகள் உராயும்போது, கண்ணுக்குப் புலப்படாத துகள்கள் எண்ணெயிற் கலக்கின்றன. ஏறக்குறைய 100 மில்லிலீற்றர் எண்ணெயைச் சுத்தமான போத்தலொன்றில் எடுத்து ஆய்வுகூடத்தில் நிறமாலைமானி கொண்டு பரிசோதித்தால், ஒவ்வொரு மூலகமும் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு உண்டென்பது தெரிந்துவிடும். இரும்பு ஏறினால் சிலிண்டர் சுவரோ கிராங்க் தண்டோ தேய்கிறது என ஐயுறலாம். குரோமியம் ஏறினால் பிஸ்டன் வளையம். அலுமினியம் ஏறினால் பிஸ்டன். ஈயமும் செம்பும் ஒருங்கே ஏறினால் பெயரிங்குகள். சிலிக்கன் மணலிலுள்ள மூலகம். அது இரும்போடும் அலுமினியத்தோடும் கூடி ஏறுமாயின், காற்று வடிகட்டியைத் தாண்டிப் புழுதி உள்ளே நுழைகிறதென்று பொருள். சோடியமும் நீரும் காணப்பட்டால், குளிராக்கும் நீர் எண்ணெய்க்குள் கசிகிறது. எண்ணெய் நீர்த்துப்போயின் டீசல் கலந்திருக்கலாம். தடித்துப்போயின் கரி மிகுந்திருக்கலாம்.

ஆயினும், ஒரேயொரு சாட்சியை வைத்துத் தீர்ப்பெழுதுவது நீதியாகாது. புதிய எஞ்சினில் எண்ணெய் குளிர்விப்பானிலிருந்து செம்பு கரைந்து வருவதுண்டு; அது தேய்வன்று. இடையிற் புது எண்ணெய் ஊற்றப்பட்டால், நோய் குறைந்ததுபோல எண்கள் தாழ்ந்து காட்டும். பெரிய துகள்கள் நிறமாலைமானியின் கண்ணுக்குத் தப்பிவிடும். அவற்றைக் காண எண்ணெய் வடிகட்டியையும் வெட்டிப் பார்க்கவேண்டும். ஆகவே, ஒரு நாளைய எண்ணைவிட, பல தடவை எடுத்த எண்கள் செல்லும் திசையே முக்கியமானது. வண்டி இலக்கம், ஓடிய தூரம், எண்ணெய் மாற்றிய திகதி, இடையில் ஊற்றிய அளவு ஆகியவை போத்தலோடு செல்லாவிடில், சாட்சி இருந்தும் வழக்கு நில்லாது.

இது நேற்று முளைத்த புதுமையுமன்று. 1940களிலேயே அமெரிக்காவின் டென்வர் ரியோ கிராண்ட் வெஸ்டேர்ன் புகையிரதக் கம்பனி தன் டீசல் எஞ்சின்களின் எண்ணெயை இவ்வாறு ஆராய்ந்தது. 1950களில் அமெரிக்கக் கடற்படை தன் விமான எஞ்சின்களுக்கு இம்முறையைக் கைக்கொண்டது. வானிற் பறப்பவனுக்கு வேண்டிய எச்சரிக்கை, வீதியிற் செல்லும் ஏழைப் பயணிக்கு மட்டும் வேண்டாததா?

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இன்றைய சபை 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்தது. பெயர்களும் சட்டங்களும் மாறினாலும், மக்கள் சொத்தைப் பேணும் கடமை மாறவில்லை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறந்துவிடவில்லை. எஞ்சினும் உதிரிப் பாகங்களும் அதே செலாவணியைக் கொடுத்தே வாங்கப்படுகின்றன. காற்று வடிகட்டியை மாற்றித் தீர்க்கக்கூடிய நோயை, எஞ்சினையே மாற்றவேண்டிய நிலைவரை வளரவிடுவது சிக்கனமா, ஊதாரித்தனமா? ஆண்டுக்கொருமுறை பெறும் தகுதிச் சான்றிதழ் அந்த ஒரு நாளுக்குரிய சாட்சி மட்டுமே. எஞ்சியுள்ள 364 நாட்களுக்கும் யார் சாட்சி?

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். முதற்படிக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. சூடான தகட்டில் ஒரு துளியை விட்டால், நீர் கலந்த எண்ணெய் படபடவென வெடிக்கும். வடிதாளில் ஒரு துளியை விட்டால், கரியின் மிகுதி கறையாகத் தெரியும். இவற்றை எந்த டிப்போவிலும் செய்யலாம். ஐயத்துக்குரியவற்றை மட்டும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. டிப்போவும் பீடமும் கைகோத்தால் வண்டிக்கும் நன்மை, மாணவருக்கும் பயிற்சி.

நாம் வற்புறுத்த விரும்புவது இன்னொன்று. எஞ்சின் பழுதானவுடன் பழி முதலில் சாரதியின் தலையிலும், அடுத்துத் தொழிலாளியின் தலையிலும் விழுகிறது. ஒழுங்காக எழுதப்பட்ட எண்ணெய்ப் பதிவேடு இருக்குமாயின், எச்சரிக்கை எப்போது கிடைத்தது, யார் கையில் கிடைத்தது, அவர் என்ன செய்தார் என்பது ஒளிக்கமுடியாத உண்மையாகிவிடும். குற்றமற்ற தொழிலாளிக்கு அது கேடயம். அசட்டையான அதிகாரிக்கு அதுவே குற்றப்பத்திரிகை. அப்பதிவேடு தொழிலாளி படித்தறியும் மொழியில் இருக்கவேண்டுமென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

விவசாயப் பெருமக்களும் இதனைக் கருத்திற் கொள்வார்களாக. வயற் புழுதியில் உழைக்கும் உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். தனியொருவருக்குச் செலவாவதைக் கூட்டுறவுச் சங்கம் பலருக்காகச் செய்யலாம்.

எண்ணெய்ப் பரிசோதனை தடையையோ சக்கரத்தையோ காக்காது. திடீர் முறிவையும் எப்போதும் முன்னறிவிக்காது. அதனால் ஆவதை மட்டுமே நாம் கேட்கிறோம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பதிவேடு, ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்திலும் ஒரு போத்தல், ஆபத்தான முடிவு வந்தால் குறித்த நாட்களுக்குள் எழுத்து மூலமான பதில்: இம்மூன்றையும் சபை தன் டிப்போக்கள் அனைத்திலும் விதியாக்க வேண்டும். சந்தைக்கு மரக்கறி ஏற்றும் கமக்காரனும் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும் நம்பியிருப்பது பல கிராமங்களில் ஒரேயொரு பஸ்ஸை. அந்த பஸ் வருமா வராதா என்பதைச் சோதிடத்துக்கு விடலாகாது. சாட்சி கூண்டில் ஏறி நிற்கிறது. விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும்.