குலசாமி எங்கிருக்குது தம்பி?

போன மாசம் என் வகுப்புத் தோழன் ஒருவன் திருச்செங்கோடு பக்கம் ஒரு ரிக் வண்டி ஆபீசுக்குக் கணக்கு எழுதும் வேலை கேட்டுப் போனான். முதல் வகுப்பு, டேலி அத்துப்படி. முதலாளி மார்க் ஷீட்டைப் புரட்டக்கூட இல்லையாம்.

"ஏந்தம்பி, எந்தூரு?"
"ராசிபுரம் பக்கமுங்க."
"ஊருக்குள்ளயா? குலசாமி எங்கிருக்குது?"

அவ்வளவுதான் இன்டர்வியூ. "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

நம்ம ஊரில் குலசாமியை விசாரிப்பது பக்தியினால் அல்ல என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்விக்குச் 'சரியான' பதில் வைத்திருப்பவன் நான். போன லீவில் மாமா ஒரு போன் போட்டார், லாரி ஆபீசில் வேலை கிடைத்தது. என் மார்க்கை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்!

அதனால்தான் "தனியார் துறையில் இடஒதுக்கீடு வந்தால் தகுதி செத்துவிடும்" என்று யாராவது ஆரம்பித்தால் சிரிப்பு வருகிறது. இப்போது மட்டும் தகுதியா உயிரோடு இருக்கிறது? மாமா கோட்டா நூறு சதவீதம்!

ரிக், லாரி, கோழிப்பண்ணை எல்லாம் வானம் பார்த்த பூமியிலிருந்து உழைத்து எழுப்பிய தொழில்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் மச்சான் ஜாமீன் போட, பங்காளி தொழில் கற்றுத்தர, சம்பந்தி முதல் ஆர்டர் கொடுக்க வளர்ந்தவை. அந்த வளையத்துக்கு வெளியே பிறந்தவனுக்கு யார் ஜாமீன் போடுவது?

"நம்பிக்கை வேணுமில்ல? கோடி ரூபாய் வண்டி ராஜஸ்தான் போகுது" என்பார்கள். சரி, அந்த வண்டியில் ராப்பகலாகப் பைப் மாட்டுவது யார்? வண்டியையே நம்பி ஒப்படைக்கலாம், கணக்கு நோட்டை மட்டும் ஒப்படைக்கக் கூடாதா?

இது நம்ம ஊர் வியாதி மட்டுமல்ல. தோரட்டும் அட்டெவெல்லும் 2005 அக்டோபரிலிருந்து 66 வாரம், 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். படிப்பு ஒன்றுதான், பெயர்தான் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2012இல் வந்த இன்னொரு ஆய்வு, ஆயிரம் பெரிய கம்பெனிகளின் இயக்குநர்களை எண்ணியது. சுமார் 93 சதவீதம் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடி இரண்டும் சேர்த்து 3.5.

69 சதவீதம் இருக்கிறதே என்பீர்கள். அருந்ததியர் 3 சதவீத உள்ஒதுக்கீடும் 2009இல் வந்தது, 2024இல் உச்சநீதிமன்றமும் ஏற்றது. ஆனால் எல்லாம் அரசு வேலைக்கும் படிப்புக்கும்தான். அரசு வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சேலம் உருக்காலையில் இடஒதுக்கீடு உண்டு. 2019இல் அதையே விற்க டெண்டர் விட்டார்கள். விற்றிருந்தால் அந்தக் கதவும் சாத்தியிருக்கும்.

நான் கேட்பது உடனடிப் புரட்சி இல்லை. முதலில் எண்ணுங்கள். தென்னாப்பிரிக்காவில் 1998 சட்டப்படி பெரிய முதலாளிகள் எந்த இனத்தார் எத்தனை பேர், எந்தப் பதவியில் என்று அரசுக்கு அறிக்கை தர வேண்டும். இங்கே சிட்கோ மனையும் அரசு மானியமும் வாங்குகிற கம்பெனிகளாவது அப்படிச் சொல்லட்டும். வேலை காலி என்றால் போர்டு வைக்கட்டும். மானியம் எல்லார் வரிப்பணம்தானே, வேலை மட்டும் ஏன் பங்காளிக்கு? எண்ணிப் பார்த்தும் மாறவில்லையென்றால் அப்புறம் இடஒதுக்கீடு கேட்பதில் என்ன தப்பு?

முதலாளிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். நாம் ஒன்று செய்யலாம். அடுத்த தடவை மாமா போன் போடும்போது, "என்னை விட நல்லாக் கணக்கு எழுதறவன் ஒருத்தன் இருக்கான் மாமா" என்று சொல்லிப் பாருங்கள்.

நான் போன லீவில் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.