சந்தைக்கு வரும் டிராக்டரைச் சாலையில் விடலாமா?

தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்ததும் தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு நெல் மூட்டைகள் வரத் தொடங்குகின்றன. மணிலா, எள், உளுந்து என்று மற்றவையும் அவற்றின் பருவத்தில் வருகின்றன. கிராமத்திலிருந்து வரும் மூட்டைகளில் கணிசமானவை டிராக்டரின் பின்னால் கட்டிய டிரெய்லரில்தான் வருகின்றன. தட்டாஞ்சாவடியோ இன்று கிராமம் அல்ல. தொழிற்பேட்டை, அரசு அலுவலகங்கள், குடியிருப்புகள் என்று நெருங்கிவிட்ட இடம். வழுதாவூர் சாலையில் காலை நேரத்தில் பஸ்ஸும் லாரியும் ஸ்கூட்டரும் போட்டி போடுகையில், நடுவே மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று மெல்ல ஊர்ந்து போனால், பின்னால் வருபவர் எரிச்சலோடு ஒரு கேள்வி கேட்கிறார்: வயலில் ஓட வேண்டிய வண்டியை ஏன் சாலையில் விடுகிறார்கள்?

அதற்கு விவசாயி கேட்கும் எதிர்க்கேள்வி, மூட்டையை வேறு எதில் கொண்டுவருவது என்பது. இரண்டு கேள்விகளிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டாவதற்கு விடை சொல்லாமல் முதலாவதற்குத் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

இந்தத் தகராறு புதுச்சேரிக்கு மட்டும் உரியதல்ல. காடு, மேடு, சேறு என்று பாராமல் ஓடும் ஏ.டி.வி. எனப்படும் சிறு வண்டிகள் 1970 முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. முதலில் வந்தவை மூன்று சக்கர வண்டிகள். அவை எளிதில் கவிழ்ந்து பலர் உயிரிழக்கவே, 1988-ல் அரசுக்கும் கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி புதிய மூன்று சக்கர வண்டி விற்பனை அங்கு நின்றது. அதன் பிறகு வந்த நான்கு சக்கர வண்டிகளையும் தார்ச்சாலையில் ஓட்டவேண்டாம் என்று தயாரிப்பாளர்களே வண்டியில் எச்சரிக்கை ஒட்டி விற்கிறார்கள். காற்றழுத்தம் குறைந்த அகல டயர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். தாரில் திருப்பத்தில் ஏமாற்றிவிடும். ஆகவே அந்நாட்டின் பல மாநிலங்களில் பொதுச்சாலையில் இவ்வண்டிகளுக்குத் தடை உண்டு. எனினும் விவசாய வேலைக்காகச் சாலையைக் கடப்பதற்கும், சாலையோரமாகச் சிறிது தூரம் போவதற்கும் சில மாநிலங்கள் விலக்கு அளித்துள்ளன. விளையாட்டுக்கு ஓட்டுபவரையும் வேலைக்கு ஓட்டுபவரையும் அச்சட்டங்கள் ஒரே தட்டில் வைக்கவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

நம் நாட்டில் அந்த வண்டிகள் பெரும்பாலும் சுற்றுலா இடங்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடும் பொழுதுபோக்குச் சாமான்கள். சிறு விவசாயிக்கு அவற்றால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. நம்மூரில் வயலுக்கும் சாலைக்கும் பொதுவாக ஓடும் வண்டி டிராக்டர்தான், சிறிய அளவில் பவர் டில்லர். மோட்டார் வாகன விதிகளும் விவசாய டிராக்டரை, வயல் வேலைக் கருவிகளை இழுப்பதோடு விவசாயப் பொருள்களை ஏற்றிய டிரெய்லரையும் இழுக்கும் வண்டி என்றே விவரிக்கின்றன. அதாவது, டிராக்டர் சாலைக்கு வரும் என்பதைச் சட்டம் முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது.

வேகச்சாலைகளின் கதை வேறு. பெங்களூர் - மைசூர் விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்டு 1 முதல் டிராக்டர், இருசக்கர வாகனம், ஆட்டோ ஆகியவை தடை செய்யப்பட்டன. நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓடும் பாதையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் டிராக்டர் ஓடுவது தற்கொலைக்குச் சமம் என்பதை விவசாயிகளும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அங்கே பக்கத்தில் சர்வீஸ் ரோடு உண்டு. வழுதாவூர் சாலைக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது.

புதுச்சேரி விவசாயியின் தொல்லை மற்ற மாவட்டத்தாருக்கு எளிதில் விளங்காது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1-ல் கைமாறி, 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த இப்பிரதேசம், ஒரே நிலப்பரப்பாக இல்லாமல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மதகடிப்பட்டு புதுச்சேரி, அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு, அதைத் தாண்டி வில்லியனூர் மறுபடியும் புதுச்சேரி. நெட்டப்பாக்கம் பக்கமிருந்தோ திருக்கனூர் பக்கமிருந்தோ தட்டாஞ்சாவடிக்கு மூட்டை கொண்டுவருபவர் இருபது கிலோமீட்டருக்கு மேல் சாலையில் வந்தாக வேண்டும். விழுப்புரம் சாலை வழியாக வந்தால் இந்திரா காந்தி சதுக்கத்து நெரிசலையும் கடக்க வேண்டும். இடையில் இரண்டு அரசுகளின் போலீஸ், இரண்டு அரசுகளின் போக்குவரத்து அலுவலர்கள். டிராக்டரைத் தடுத்தால் இவர் மூட்டையை மினி லாரிக்கு மாற்ற வேண்டும். களத்தடிவரை வராத மினி லாரிக்கு மூட்டையைச் சாலைவரை கொண்டுவர இன்னொரு ஏற்றுகூலி, இறக்குகூலி. இரண்டு காணி பயிரிட்டவருக்கு அந்தக் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். கடைசியில் அவர் களத்திலேயே வியாபாரி கேட்ட விலைக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் எதற்காக ஏற்பட்டதோ, அந்த நோக்கமே பிறகு பழுதாகிவிடும்.

ஆகவே டிராக்டரைச் சாலையிலிருந்து விலக்கக்கூடாது. ஆனால் இன்று வருகிற மாதிரியே வரட்டும் என்று சொல்லவும் முடியாது.

மூட்டை ஒன்று 75 கிலோ என்றால் 60 மூட்டை நாலரை டன். டிரெய்லரின் சொந்த எடையும் சேர்ந்து இதை இழுக்கும் டிராக்டரின் எடை ஏறத்தாழ இரண்டு டன்தான். பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக். பட்டறையில் செய்த டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே இருப்பதில்லை. திடீரென்று நிறுத்தினால் பின்னாலுள்ள பாரம் டிராக்டரை முட்டித் தள்ளி, மடக்குக் கத்தி போலக் குறுக்கே மடக்கிவிடும். இரண்டு சக்கர டிரெய்லரில் பின்பக்கத்தை விட்டு முன்பக்கம் பாரத்தைக் குவித்தால் கொக்கியில் எடை இறங்கி, டிராக்டரின் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. இன்னொன்று, டிரைவர்கள் அறிந்தும் அலட்சியம் செய்வது. வயலில் திரும்ப வசதியாக இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதி வைத்திருக்கிறார்கள். சாலைக்கு ஏறுமுன் அவை இரண்டையும் கொண்டியால் இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் ஒரு மிதியை மட்டும் வேகத்தில் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் சுழன்றுவிடும். கொண்டி போட ஒரு நிமிடம்கூட ஆகாது.

இரவும் பனிமூட்டமும்தான் பெரிய எமன். பழைய நாளில் மாட்டுவண்டியின் அச்சுக்குக் கீழே அரிக்கேன் விளக்கு ஒன்று ஆடிக்கொண்டே போகும். மாடு நடக்கும் வேகத்துக்கு அது போதும். அந்த விளக்குகூட இன்று பல டிரெய்லர்களின் பின்னால் இல்லை. இருக்கும் விளக்கையும் வைக்கோலோ கரும்போ மறைத்துவிடுகிறது. பஸ் மணிக்கு 60 கிலோமீட்டர், டிராக்டர் 20 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டால், இடைவெளி வினாடிக்கு 11 மீட்டர் வீதம் குறைகிறது. எதிரே வரும் வண்டிக்காக விளக்கைத் தாழ்த்திய டிரைவருக்கு டிரெய்லர் 30 மீட்டரில்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அவருக்கு மிஞ்சுவது மூன்று வினாடிக்கும் குறைவு. பின்னால் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒளிப்பட்டை ஒட்டியிருந்தால் அவர் இன்னும் வெகுதூரத்திலேயே பார்த்துவிடுவார்.

விபத்து நடந்த பிறகுதான் சிறு விவசாயிக்கு உண்மையான அடி விழுகிறது. டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனமே. அதற்குத் தனிப் பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். டிராக்டருக்கு மட்டும் பாலிசி எடுத்துவிட்டு, டிரெய்லருக்கு ஒன்றுமில்லாமல் ஓட்டுபவர்கள் உண்டு. எடுத்த பாலிசியும் பெரும்பாலும் விவசாய உபயோகத்துக்கு என்று எழுதிய பாலிசி. காய்கறி வியாபாரி ஒருவர் தம் சரக்கோடு டிராக்டர் டிரெய்லரில் போகையில் இறந்த வழக்கில், வியாபாரத்துக்குக் காய்கறி ஏற்றிச்செல்வது விவசாய வேலையாகாது, ஆகவே இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று சுப்ரீம் கோர்ட் 2004-ல் கூறிவிட்டது. டிரைவிங் லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் கோர்ட்டுகள் தாராளமாக இருந்தன. டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் உள்ளவர் டிரெய்லரை மாட்டி ஓட்டினாலும் அந்த லைசென்ஸ் செல்லும் என்று 2001-லேயே தீர்ப்பாகியிருக்கிறது.

இதில் சங்கடம் எங்கே என்றால், டிராக்டர் சொந்தமாக வைத்திருப்பவர் தம் நெல்லைத் தாமே கொண்டுவந்தால் அது விவசாய உபயோகம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் சிறு விவசாயிக்கு ஏது டிராக்டர்? அவர் வாடகைக்குப் பேசித்தான் ஏற்றிவருகிறார். வாடகை என்ற சொல் வந்தவுடனே, இது விவசாய வேலையா, சரக்குப் போக்குவரத்தா என்று கம்பெனி வக்கீல் கேட்கிறார். வழியில் ஒருவர் மீது வண்டி மோதி, கம்பெனி கைவிரித்தால் வண்டிக்காரர் தலையில் லட்சக்கணக்கில் இழப்பீடு. மூட்டைமேல் உட்கார்ந்துவந்த விவசாயியோ கூலியாளோ விழுந்து இறந்தால், அந்தக் குடும்பத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பது வருடக்கணக்கில் இழுபறி. விளைந்த பொருளை விளைவித்தவரே விற்பனைக்கூடத்துக்கு அனுப்புவது, வண்டி யாருடையதாக இருந்தாலும் விவசாய உபயோகமே என்று பாலிசியிலேயே எழுதப்பட வேண்டும். இதை அரசு இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் கேட்டு வாங்கித் தர விவசாயத் துறைக்கு இயலாததல்ல. அத்துறையின் இயக்குநர் அலுவலகமும் தட்டாஞ்சாவடியிலேயே இருக்கிறது.

மட்கார்டில் உட்கார்ந்து வருவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டியின் உடற்பகுதிக்கு வெளியே ஆளை ஏற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-வது பிரிவு தடுக்கிறது. ஒரு பள்ளம் வந்தால் மட்கார்டில் இருப்பவர் விழுவது பெரிய பின்சக்கரத்துக்கு அடியில்தான். பள்ளிக்கூடம் போகும் பையனிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பதும் கிராமங்களில் பெருமையாகக் கருதப்படுகிறது. வயலில் அது வீட்டு விஷயமாக இருக்கலாம். சாலையில், 2019-ல் வந்த சட்டத்திருத்தத்தின்படி, 18 வயதாகாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். ஒரு வருடம் வண்டி நின்றால் வாங்கிய கடனுக்குத் தவணை எப்படிக் கட்டுவது?

சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக் கேஜ்வீலோடு தார்ச்சாலையில் ஓட்டுவதற்கு மட்டும் சமாதானமே கிடையாது. கழற்றி மாட்ட நேரமாகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சக்கரம் கொத்திப்போட்ட சாலையில்தான் அடுத்த மாதம் நெல் மூட்டையும் வரவேண்டும்.

அதிகாரிகள் செய்யக்கூடியது சில உண்டு. சாலையில் மறித்து அபராதச் சீட்டுக் கொடுப்பதைவிட, அறுவடைக்கு முன்பு விற்பனைக்கூட வளாகத்திலேயே போக்குவரத்துத் துறையினர் இரண்டு நாள் முகாம் போட்டு, பட்டறையில் செய்த டிரெய்லர்களைச் சோதித்துக் குறைந்த கட்டணத்தில் பதிவுசெய்து கொடுக்கலாம். பள்ளி, அலுவலக நெரிசல் நேரத்தில் டிராக்டரை நகரத்துக்குள் விடாமல் நிறுத்துவதானால், அதற்கேற்ப விற்பனைக்கூடத்தின் எடைபோடும் நேரத்தையும் தள்ளிவைக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதைச் செய்யாவிட்டால் விவசாயி விடியற்காலை இருட்டிலும் பனியிலும்தான் புறப்படுவார்.

விவசாயியும் வாடகை பேசும்போது ரூபாய்க் கணக்கோடு நின்றுவிடாமல், டிரெய்லரின் பதிவுப் புத்தகம், இரண்டுக்குமான இன்சூரன்ஸ், டிரைவரின் லைசென்ஸ் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். நான்கு பேர் கேட்க ஆரம்பித்தால் ஐந்தாவது ஆளுக்கு வண்டிக்காரர் தாமே எடுத்துக் காட்டுவார். ஒரு டிரெய்லரைச் சுற்றி ஒளிப்பட்டை ஒட்ட அரைமணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. விற்பனைக்கூடத்தில் எடைபோடக் காத்திருக்கும் நேரம் அதைவிட அதிகம்.