பற்றுப் புத்தகமும் பால்மரத்துக் கூலியும்

சிக்கனமாய் இருங்கள் என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்ய இந்த நாட்டில் என்றுமே ஆள் பஞ்சம் இருந்ததில்லை. கூலி போதவில்லை என்று நாம் வாய் திறந்தபோதெல்லாம், "உங்கள் ஆட்களுக்குச் செலவு செய்யத் தெரியவில்லை" என்று பதில் சொன்ன துரைமார் உண்டு. அவர்களுக்குப் பின் வந்த மானேஜர்மாரும் உண்டு. ஆகவே வீட்டுச் சாமான் செலவைக் குறைப்பது பற்றிச் சங்கப் பத்திரிகையில் தலையங்கம் எழுதுவதா என்று அங்கத்தினர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். முதலாளி பாடும் பாட்டையே சங்கமும் பாடத் தொடங்கிவிட்டதோ என்று கேட்கவும் கூடும். கேட்க வேண்டிய கேள்விதான்.

நமது பதில் 1941ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற இழிவை ஒழிக்கும் கோரிக்கையும் இருந்தது. அதே பட்டியலில், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் இருந்தது! கூலி உள்ளே வரும் வாசலையும், அது வெளியே ஒழுகும் ஓட்டையையும் அந்தப் பெரியவர்கள் ஒரே மூச்சில் பேசினார்கள். ஒன்றைக் கேட்டதால் மற்றொன்றை விட்டுக்கொடுக்கவில்லை. நாமும் அந்த வழியிலேயே பேசுகிறோம்.

இன்று நம் கூலி ஒழுகும் பெரிய ஓட்டை எது? கடைப் பற்றுப் புத்தகம் என்பதே நமது எண்ணம்.

கையில் வருவது எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் தேதி தொட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, கைக்கு வருமுன்னே போய்விடும். சொக்சோ முதலிய பிடித்தங்களும் போனால் ஏறத்தாழ 1,500 வெள்ளி நிற்கும். மின்சாரம், பள்ளிப் பேருந்து, மோட்டார் சைக்கிள் தவணை, கேஸ், கைத்தொலைபேசி எல்லாம் அதிலிருந்துதான். சாமானுக்கு வாரம் 150 வெள்ளி ஒதுக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதத்திற்கு நாலு வாரம் என்று 600 வெள்ளி எடுத்து வைக்கிறாள் வீட்டுக்காரி. இங்கேதான் கணக்கு தவறுகிறது. ஆண்டுக்கு 48 வாரம் இல்லை, 52 வாரம். நாலு மாதங்களில் ஐந்தாவது வாரம் ஒன்று வந்து வாசலில் நிற்கும்; அதற்குப் பணம் எவரும் வைக்கவில்லை. அந்த ஐந்தாவது வாரத்தில்தான் பற்றுப் புத்தகம் பிறக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலையுதிர்ந்து பால் வற்றும்போது அது வளர்கிறது. பெரட்டுக்குப் போய் நின்று, மழை கொட்டி, வெட்டில்லாமல் திரும்பும் நாட்களில் கொழுக்கிறது.

புத்தகத்தில் வாங்குவதன் கேடு வட்டியில் மட்டும் இருப்பதாக நினைப்பது தவறு. பெரும்பாலான கடைகளில் வட்டி என்று ஒரு வரி எழுதுவதே இல்லை. பிள்ளை புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டினால் சாமான் வரும், விலை வராது. விலை அடுத்த சம்பளத்தன்று, மொத்தத் தொகையாக, ஒரே கோட்டின் கீழ் வரும். கடன் வைத்திருப்பவன் விலை கேட்பதில்லை. கேட்டால் கடைக்காரர் முகம் மாறுமோ என்ற பயம். தீபகற்பத்தில் உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி என்றும், ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு என்றும், சாதாரணச் சீனி கிலோ 2 வெள்ளி 85 காசு என்றும் 2025ஆம் ஆண்டில் கட்டுப்பாட்டு விலை இருந்தது. நமது கண்ணில் பட்ட சில புத்தகங்களில் இந்த மூன்று விலையில் ஒன்றையும் காணவில்லை. "அந்த எண்ணெய் தீர்ந்துபோச்சு" என்று போத்தல் எண்ணெய் வந்திருக்கிறது. உள்ளூர் அரிசிக்குப் பதில் இறக்குமதி அரிசி வந்திருக்கிறது. ரொக்கம் வைத்திருப்பவன், "அப்படியானால் நான் வேறு கடை பார்க்கிறேன்" என்பான். புத்தகக்காரனுக்கு வேறு கடை ஏது?

உத்தேசமாக ஒரு கணக்குப் போடுவோம். வாரத்திற்கு 20 சாமான், ஒவ்வொன்றுக்கும் 40 காசு கூடுதல் என்று வைத்தால் வாரம் 8 வெள்ளி; ஆண்டிற்கு 416 வெள்ளி. உங்கள் வீட்டுக் கணக்கு இதைவிடக் குறைவாக இருக்கலாம், கூடவும் இருக்கலாம். இரவு விளக்கடியில் உட்கார்ந்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

அதிலும் இப்போது விலை கேட்கும் பழக்கம் முன்னைவிட அவசியமாகிவிட்டது. கோழி விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பர் முதல் தேதி நீங்கியது. முட்டைக்கு இருந்த கட்டுப்பாடும் 2025 ஆகஸ்டு முதல் தேதி நீங்கியது. இனிக் கடைக்குக் கடை ஒரு விலை. வெளிநாட்டு விசயங்களும் நம் அடுப்பங்கரைக்கு வந்துவிடுகின்றன. 2023 ஜூலையில் இந்தியா பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி விலை ஏறியது. உள்ளூர் அரிசியைத் தேடி எல்லாரும் ஓட, அது கடைத் தட்டிலிருந்தே மறைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் டில்லி போட்ட வெங்காயத் தடை 2024 மே மாதம்வரை நீடித்தது. வெங்காயம் குறைத்துச் சாம்பார் வைப்பது எப்படி என்று அந்த ஐந்து மாதத்தில் நம் வீடுகளில் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். ருசியைப் பற்றிப் பேசாமல் விடுவோம்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நம்மை உறுத்தும் விசயம் வேறு. சம்பளம் வங்கி வழியே வரத் தொடங்கியதிலிருந்து, சில இடங்களில் தொழிலாளியின் வங்கி அட்டையும் இரகசிய எண்ணும் கடைக்காரரின் மேசை அறைக்குள் இருக்கின்றன. சம்பளத்தன்று அவரே பணத்தை எடுத்து, தம் பாக்கியைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தைத் தொழிலாளி கையில் கொடுக்கிறார். தொழிலாளி தன் சம்பளத்தை எங்கே, எப்படி, யாரிடம் செலவிடவேண்டும் என்று வேலை ஒப்பந்தத்தில் நிபந்தனை போடுவது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி செல்லாது. அந்த உரிமையைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு முன், கடைக்கடனில் சிக்கிய கூலிகளின் கண்ணீர் எவ்வளவு ஓடியிருக்கும்! முதலாளி போடமுடியாத விலங்கை நாமே நம் கையால் ஓர் அட்டையாக எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இது சங்கத்தின் விசயம் எப்படி ஆகிறது என்பதற்கு ஒரு சம்பவம். மழை நாள் சம்பளம் குறித்து ஒரு தோட்டத்தில் புகார் மனு தயாரானது. வெட்டுக்காரர் ஒருவர், நல்ல அங்கத்தினர், சந்தா ஒரு மாதமும் தவறாதவர், மனுவை முழுக்கப் படித்தார். எல்லாம் நியாயம் என்றார். பேனாவைக் கையில் வாங்கினார். "கிராணியாரே, தகராறு ஆகி ரெண்டு வாரம் வேலை நின்றால் கடைக்காரர் புத்தகத்தை மூடிடுவாரு. பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவா?" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாக்கி எவ்வளவு என்று கேட்டோம். 700 வெள்ளிக்கு மேல். அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. நிர்வாகம் அவரை ஒரு வார்த்தை மிரட்டவில்லை. மிரட்டும் வேலையை ஒரு நாற்பது பக்கப் புத்தகம் செய்து முடித்துவிட்டது.

கடைக்காரரைத் திட்டி எழுதுவது எளிது. நாம் அப்படிச் செய்யப்போவதில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பாதை அடைபட்டபோது, பல தோட்டங்களில் அரிசி மூட்டையை இறக்கிவைத்து, "பிறகு பார்க்கலாம்" என்று சொன்னவர்கள் இதே கடைக்காரர்கள்தான். அவருக்கும் மொத்த வியாபாரியிடம் கடன் இருக்கிறது. ஓடிப்போன வீட்டின் பாக்கியை நின்றவர் வீட்டு விலையில் ஏற்றித்தான் அவர் பிழைக்கிறார். அப்படி ஏற்றும் பங்கை நாம் கட்டவேண்டாம் என்பதே நமது வாதம்.

பற்று இல்லாமல் ஏழை வாங்கமுடியுமா? இங்கிலாந்தில் ராச்டேல் என்ற நெசவு ஊரில் 1844 டிசம்பர் 21ஆம் நாள், நெசவாளர் முதலிய 28 தொழிலாளர் கூடி ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சீனி, ஓட்ஸ், அவ்வளவுதான் சரக்கு. ரொக்கத்துக்கு மட்டும் விற்பது, எடை குறையாமல் கொடுப்பது, இலாபத்தை வாங்கினவருக்கே பங்கிடுவது என்று விதி வைத்தார்கள். அவர்களும் கடைப் பற்றில் மூழ்கிக் கிடந்த ஊர்க்காரர்களே. நம் நாட்டிலும் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டத்தையே வாங்கிற்று. தோட்டம் வாங்கிய ஜனங்களுக்கு ஒரு மூட்டை மல்லி சேர்ந்து வாங்க முடியாதா?

நாளைக்கே புத்தகத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பழைய பாக்கியை ஒரு கோடு போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மாதம் 50 வெள்ளியோ, முடிந்த தொகையோ, தவணையாகக் கட்டுவதாகக் கடைக்காரரிடம் நேரில் பேசுங்கள். பேசத் தயக்கமானால் கிளைச் செயலாளர் கூட வருவார். புதுச் சாமான் ரொக்கத்துக்கே. சம்பளத்தன்று ஐந்து பால் டின்னை எடுத்து, வாரத்துக்கு ஒன்றாகப் பணத்தைப் போட்டு வையுங்கள். நாலு வாரமே உள்ள மாதத்தில் ஐந்தாவது டின் அப்படியே நிற்கட்டும். இலையுதிர் காலத்துக்கு அது ஆகும்.

ஒற்றை வீடாகப் பட்டணத்துக்கு ஓடினால் மிச்சமாகும் காசு பெட்ரோலாகப் புகைந்துபோகும். லயத்தில் ஐந்து வீடு சேர்ந்தால் ஒரு வண்டி போதும். மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள் தூள் என்று வாரா வாரம் சின்னப் பொட்டலம் வாங்குவதுதான் நம் வீடுகளில் மிகப் பெரிய விரயம் என்று தாய்மார்கள் சிலர் நம்மிடம் சொன்னார்கள். காய்ந்த மிளகாயும் மல்லியும் கிலோக் கணக்கில் வாங்கி, வெயிலில் போட்டு, பட்டணத்து மில்லில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அரைத்துப் பங்கிட்டுக் கொள்வது நம் பாட்டிமார் செய்த வேலை. பொட்டலத் தூளில் இல்லாத வாசனையும் அதில் இருக்கும். அரசாங்கத்தின் சாரா உதவித் தொகை அடையாள அட்டையில் வந்திருந்தால் அதையும் அந்த வண்டிப் பயணத்திலேயே செலவிடுங்கள். அது பதிவு பெற்ற கடைகளில்தான் செல்லும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நம் பெரியவர்களுக்கு, 2025இல் வயது வந்த குடிமக்கள் எல்லாருக்கும் கொடுத்த அந்த 100 வெள்ளிகூடக் கிடைக்கவில்லை. இந்த மண்ணில் உழைத்தே முதுகு வளைந்தவர்கள் அவர்கள். அதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

எதைக் குறைக்கக் கூடாது என்பதையும் சொல்லவேண்டும். பருப்பு, நெத்திலி, முட்டை, கீரை இவற்றில் கை வைக்காதீர்கள். செலவைக் குறை என்றவுடன் முதலில் குறைவது வீட்டுக்காரியின் தட்டு. அவள் கடைசியில் சாப்பிடுவதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. பால் வெட்டி, வாளி தூக்கி வந்த உடம்பு அது. மைலோ, மேகிப் பொட்டலம், மூன்றும் கலந்த காப்பிப் பொட்டலம் இவற்றில் தொடங்கலாம். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: பல புத்தகங்களில் "இதர சாமான்" என்று ஒரு வரி வருகிறது. அது என்ன சாமான் என்று வீட்டுக்காரிக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். சிகரெட்டையும் சம்சுவையும் அந்த வரியிலிருந்து எடுத்த பிறகு, எண்ணெய் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று அவர் கேட்கட்டும்.

லயத்துப் பின்புறம் மண் இருப்பவர்கள் முருங்கையும் கறிவேப்பிலையும் கத்தரியும் வைக்கச் சொல்லி நாம் எழுதத் தேவையில்லை. தோட்டம் விற்கப்பட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கு அந்த மண்ணும் இல்லை.

இந்த வாரம் 8 வெள்ளியைக் காட்டி, "இனிக் கூலி உயர்வு எதற்கு?" என்று நிர்வாகம் கேட்டால் அதற்கு வேண்டிய பதில் பேச்சுவார்த்தை மேசையில் கிடைக்கும். 1,700 வெள்ளி என்பது சட்டம் போட்ட தரை. தரையிலேயே படுத்துக்கொள்ள நாம் சங்கம் சேரவில்லை.

அடுத்த கிளைக் கூட்டத்திற்கு அங்கத்தினர் தங்கள் பற்றுப் புத்தகத்தைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம். கிராணிமார் இருவர் உட்கார்ந்து விலைகளைச் சரிபார்த்துக் கூட்டித் தருவார்கள். தொகை வெளியே போகாது. கொண்டுவர வெட்கப்படுகிறவர்களுக்காக, இதை எழுதும் நமது வீட்டுப் புத்தகத்தையே முதலில் மேசையில் வைக்கிறோம். சென்ற மாதம்வரை அதிலுள்ள பாக்கி 212 வெள்ளி 40 காசு. மிளகாய் மில்லுக்குப் போகும் வண்டிக்குப் பெயர் கொடுப்பவர்கள் அன்றே கொடுக்கலாம்.