‘ரிஜெக்ட்’ என்று எழுதினால் போதுமா?

விருத்தாசலத்துச் சிறு பட்டறைகளில் உருவாகும் ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், கழிப்பறைக் கோப்பை போன்ற பீங்கான் சாமான்களுக்குத் தரச் சோதனை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய பொருளில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அது உயிருக்கே ஆபத்து. என் ஆட்சேபம் வேறு. எல்லாம் வெந்து, பெட்டியில் அடுக்கி, லாரியேறிப் போன பிறகு நடக்கும் சோதனை ‘ரிஜெக்ட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிட்டால், அது தரத்தைக் காப்பதில்லை. நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது.

களிமண்ணின் குணத்தைப் பார்த்தாலே இது விளங்கும். பீங்கான் கலவை காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் சுருங்குவது சாதாரணம். 12 சதவீதம் சுருங்கும் என்று கணக்கிட்டு, வெந்தபின் 60 மி.மீ. வரும்படி அச்சு செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்த லோடு மண் 13 சதவீதம் சுருங்கினால் சாமான் ஏறக்குறைய 0.7 மி.மீ. குட்டையாகிவிடும், அதில் பொருத்த வேண்டிய பித்தளைத் தகடு தன் இடத்தில் உட்காராது. வார்த்தவரின் கையில் பிழையில்லை, மண்தான் மாறியிருக்கிறது. கறுப்புப் புள்ளி விழுந்தால், பெரும்பாலும் களிமண் கூழில் இரும்புத் துகள் தங்கியிருக்கும். கூழைக் காந்தத்தின் மீது ஓடவிட்டு அதை முன்பே எடுத்திருக்க வேண்டும். சூளை ஆறும்போது 573 டிகிரி செல்சியஸை அவசரமாகக் கடந்தால், கலவையிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கி விரிசல் விடும். ஒவ்வொரு குறையும் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் பிறக்கிறது, அங்கேயே அதைத் தடுக்கவும் முடிகிறது. சூளைக்குப் போகாத சாமானில் குறை தெரிந்தால் கரைத்து மறுபடி கூழாக்கிவிடலாம். வெந்ததை இடித்துப் பொடியாக்கலாமே தவிர, களிமண்ணாக்க முடியாது.  

கடைசியில் நடக்கும் சோதனைக்கு எல்லாக் குறையும் கண்ணில் படுவதுமில்லை. இன்சுலேட்டர் நீரை உறிஞ்சுமா என்று அறிய, அதை உடைத்து, துண்டுகளைச் சாயக் கரைசலில் அழுத்தத்தில் ஊறவைத்துப் பார்க்கிறார்கள். சோதித்த சாமான் மிஞ்சாது என்பதால் ஒரு சிலவற்றில்தான் இதைச் செய்ய முடியும். மேல்பூச்சில் வலைபோல ஓடும் நுண்விரிசலோ, சரக்கு ‘பாஸ்’ ஆகி நாள்கள் கழிந்த பிறகும் தோன்றக்கூடும். ஆகவே நாம் மிகவும் அஞ்சவேண்டிய குறைகளுக்குக் காவல் மண் கிடங்கிலும் சூளையிலும்தான் இருக்க வேண்டும். இது புதிய ஞானமும் அல்ல. உற்பத்தி நடக்கும்போதே அளந்து குறித்துவைக்கும் கட்டுப்பாட்டு வரைபடத்தைப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924-லேயே அமெரிக்காவில் வகுத்தார். மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் கழகம் அவரை 1947-48இல் இந்தியாவுக்கே அழைத்துவந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சிறு பட்டறையின் தரத்தை வாங்குபவரின் வாசலில் மட்டும் தேடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வாங்குபவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ‘காசு கொடுப்பவன் பாடமும் நடத்த வேண்டுமா? குர்ஜா, தான்கட் போன்ற பிற பீங்கான் ஊர்களிலும் சரக்கு கிடைக்கிறதே’ என்று அவர் கேட்கலாம். தாராளமாக அங்கே போகலாம்; ஆனால் அங்கேயும் மண் சுருங்கத்தான் செய்யும். காரணம் சொல்லாமல் திருப்பினால், அதே மண்ணில், அதே சூட்டில் வெந்த மாற்றுச் சரக்குதான் அடுத்த வாரம் அவரிடம் வந்து நிற்கும். மாதிரி எடுத்துச் சோதித்து முழு லாட்டையும் ஏற்பதற்கோ மறுப்பதற்கோ ஐ.எஸ். 2500 தரநிலை முறை வகுத்திருக்கிறது. அந்த முறையில் மறுப்பதை நான் குறைசொல்லவில்லை. எடுத்த மாதிரிகளில் எத்தனை அளவில் தவறின, எத்தனை விரிசல் விட்டன, எத்தனைக்கு வெறும் புள்ளி மட்டும் என்று பிரித்து எழுதச் சொல்கிறேன். சோதித்தவருக்கு அது ஏற்கெனவே தெரிந்த விவரம். எழுத ஐந்து வரி போதும். விரிசலுக்கு விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் சுவருக்குள் மறையும் பக்கத்தில் விழுந்த புள்ளியை விரிசலோடு ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அநியாயம்.

சிறு பட்டறைகளுக்குச் சோதனைச் செலவு தாங்காது என்பது இன்னொரு மறுப்பு. தனித்தனியாகச் செய்தால் தாங்காதுதான். ஆனால் செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் கல்வி நிறுவனம் இதே ஊரில் இருக்கிறது. ஒவ்வொரு லோடு மண்ணிலும் சோதனைக் கட்டை வார்த்து, சுட்டு, சுருக்கத்தை அளப்பது மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி, பட்டறைகளுக்கு முன்னெச்சரிக்கை. சூளைச் சூட்டுக்கு விலையுயர்ந்த கருவிகூட வேண்டியதில்லை. குறிப்பிட்ட அளவு வெந்ததும் வளைந்துவிடும் சிறு பீங்கான் கூம்புகளை ஒவ்வொரு சூட்டிலும் வைத்து, லாட் எண் எழுதிப் பத்திரப்படுத்தினால் போதும். சரக்கு சரியாக வெந்ததா என்று தகராறு வரும்போது, இரு தரப்பும் அந்தக் கூம்பை நடுவில் வைத்துப் பேசலாம்.