பிளாஸ்டர்தானே என்று சொல்லாதீர்கள்

எங்கள் வீட்டு அலுமாரியின் இரண்டாம் தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. வாப்பாவின் முதுகுவலிப் பிளாஸ்டர், ஸித்தாலேப டப்பி, பனடோல் அட்டை எல்லாம் அதற்குள்தான். உம்மம்மாவின் கடைசி நான்கு மாதங்களில் இன்னொரு சிறிய பெட்டியும் அதே டின்னுக்குள் இருந்தது. பார்வைக்கு அதுவும் பிளாஸ்டர்தான். மெல்லியது, கண்ணாடி போன்றது, தபால் முத்திரையை விடக் கொஞ்சம் பெரியது. இரண்டையும் ஒரே டின்னில் வைத்தது எங்கள் வீட்டின் முதல் பிழை. அந்தப் பிழையைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன், ஏனென்றால் அது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கக்கூடிய ஒன்றல்ல.

வாப்பா துறைமுகப் பக்கம் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை செய்பவர். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் உம்மா அவருடைய இடுப்பில் பிளாஸ்டர் ஒட்டிவிடுவார். மென்தோல் குளிரும், மிளகாய்ச் சத்து எரியும், வாப்பா கண்ணை மூடிக்கொண்டு “அல்ஹம்துலில்லாஹ்” என்பார். மிளகாய் ஏன் எரிக்கிறது என்று தேடிப்போனதில்தான் சூட்டை உணரும் நரம்பின் வாயிலை டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். அதற்காக அவருக்கு 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உயர்தர உயிரியல் படிக்கும் தங்கைகளுக்கு இது பிடிக்கும் என்பதால் சொல்லி வைக்கிறேன். அந்தப் பிளாஸ்டரின் வேலை பெரும்பாலும் ஒட்டிய இடத்தோடு முடிந்துவிடும்.

உம்மம்மாவின் பிளாஸ்டர் அப்படியல்ல. அவருக்கு வாயில் புற்றுநோய். ஐம்பது வருடம் புகையிலையோடு வெற்றிலை போட்டவர். எங்கள் பகுதியில் எத்தனை மூத்தம்மாமாரின் இடுப்பில் இன்னும் அந்த வெற்றிலைப் பை தொங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். முதலில் மோர்பின் குளிசை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் விழுங்க முடியாமல் போனது. தண்ணீரே தொண்டையில் நின்றது. அப்போதுதான் வைத்தியர் ஃபென்டனில் என்ற மருந்துள்ள ஒட்டுக்கு மாற்றினார். அது எல்லா மருந்தகத்திலும் கிடைப்பதில்லை. மாமா கொழும்புக்குப் போய் வாங்கி வந்தார்.

ஃபென்டனில் என்ற பெயரைக் கேட்டதும் வாப்பாவின் முகம் மாறிவிட்டது. செய்திகளில் அமெரிக்காவில் ஆட்கள் செத்துப்போகும் போதைப்பொருள் என்று கேட்டிருந்தார். “மௌத்தாகப் போற மனிசிக்குப் போதைவஸ்தா?” என்று உம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். சாச்சி இன்னும் ஒரு படி மேலே போய், “வலியைப் பொறுத்தால் பாவம் மன்னிக்கப்படும், உம்மா ஸபர் செய்யட்டும்” என்றார். உம்மம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். பேச வாய் வராது. கண்ணீர் மட்டும் வந்தது.

சாச்சியின் ஈமானில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. ஸபர் என்பது நோயாளி தனக்குத்தானே தேடிக்கொள்வது. பக்கத்தில் நிற்கும் சுகமானவர்கள் அதை அவருக்காகத் தீர்மானிக்க முடியாது. மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இப்னு சீனா தன் மருத்துவ நூலில் வலியைப் பதினைந்து வகையாகப் பிரித்து எழுதி வைத்தார். வலியைச் சகித்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும் என்று அவர் நினைத்திருந்தால் அவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். பிள்ளைப்பேறு, மாதவிடாய், முழங்கால், முதுகு என்று எதைச் சொன்னாலும் “பொம்பிளைகளுக்கு அது இருக்கும்தானே” என்ற ஒரே பதில். உம்மம்மாவும் வாயிலே புண் வந்து பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

போதை என்ற பயத்தைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. ஃபென்டனில் மோர்பினை விட ஏறக்குறைய நூறு மடங்கு வலுவானது. உம்மம்மாவின் ஒட்டில் 25 என்று எழுதியிருந்தது. மணிக்கு 25 மைக்ரோகிராம் என்று அர்த்தம். ஒரு ஒட்டு மூன்று நாளைக்கு, அதாவது 72 மணித்தியாலத்துக்கு. கணக்குப் போட்டேன், மொத்தம் 1.8 மில்லிகிராம். இரண்டு மூன்று சீனிமணிகளின் நிறை. அவ்வளவு சிறியது ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் மோர்பின் விழுங்குவதற்குச் சமமான வேலையைச் செய்கிறது. நம் தோலின் மேற்படை இறந்த கலங்களும் கொழுப்பும் அடுக்கிய சுவர் மாதிரி. அதற்குள்ளால் போக மூலக்கூறு சிறிதாகவும் கொழுப்பில் கரைவதாகவும் இருக்க வேண்டும். ஃபென்டனிலுக்கு இரண்டும் உண்டு. தோலுக்குள் போய் அங்கே தேங்கி, மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கிறது. அதனால் ஒட்டியவுடன் வலி குறையாது, அரை நாளோ ஒரு நாளோ ஆகும். கழற்றியவுடன் மருந்தும் நிற்காது. பாதியாகக் குறையவே 17 மணித்தியாலம் அளவில் பிடிக்கும்.

இந்த ஒரு விஷயம் விளங்கினால் மற்ற எல்லாக் கட்டுப்பாடும் தானாக விளங்கும். எங்களுக்கு விளங்கவில்லை, ஏனென்றால் பெட்டிக்குள் இருந்த தாள் முழுக்க ஆங்கிலம். இலையான் கால் போன்ற எழுத்து. வீட்டில் அதை வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான், அதுவும் அகராதியோடு. முதல் கிழமையில் என்னென்ன யோசனைகள் வந்தன தெரியுமா? காசை மிச்சம் பிடிக்க ஒட்டைப் பாதியாக வெட்டலாம் என்றார் மாமா. சில வகை ஒட்டுகளுக்குள் மருந்து களியாக இருக்கும், வெட்டினால் மூன்று நாள் மருந்தும் ஒரேயடியாக வெளியே வரலாம். உம்மம்மாவின் உடம்பு குளிர்கிறது என்று சுடுதண்ணீர்ப் போத்தலை நெஞ்சில் வைக்கப் பார்த்தார் சாச்சி. எதிர்வீட்டு மாமி கன்னியாவுக்குக் கூட்டிப்போய் ஏழு கிணற்றிலும் ஊற்றச் சொன்னார். கன்னியா வெந்நீர் ஊற்று நம் ஊரின் பெருமை, உடம்பு நோவுக்கு அங்கே போய்க் குளிக்காத குடும்பம் குறைவு. ஆனால் சூடு பட்டால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து மருந்து வேகமாக உள்ளே போகும். கடும் காய்ச்சலிலும் அப்படித்தான். மருந்து கூடினால் மூச்சு மெதுவாகும், எழுப்பினாலும் எழும்பாத தூக்கம் வரும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். அன்போடு ஊற்றிய வெந்நீரால் ஒரு மௌத்து நடந்திருக்கும்.

கிளினிக்கில் ஒரு தாதி அம்மா இதையெல்லாம் பொறுமையாக எனக்குச் சொல்லித் தந்தார். அவர் சொன்னதையும் தாளில் இருந்ததையும் சேர்த்து ஒரு கொப்பித் தாளில் தமிழில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினேன். தோலைத் தண்ணீரால் மட்டும் கழுவித் துடை, சவர்க்காரமும் எண்ணெயும் வேண்டாம். உள்ளங்கையால் 30 விநாடி அழுத்திப் பிடி. திகதியும் நேரமும் எழுது. புதியதை வேறு இடத்தில் ஒட்டு. பழையதைக் கழற்ற மறக்காதே. திருகோணமலை வெயிலில் வியர்த்து ஓரம் கிளம்புகிறதா என்று காலையும் மாலையும் பார்.

அவருக்கு இருந்த பெரிய கவலை தொழுகையும் நோன்பும். கையால் சைகை காட்டிக் கேட்டார். ஒட்டு நெஞ்சின் மேற்பகுதியில் இருந்தது, வுழூவில் கழுவும் உறுப்பு அல்ல. அதில் சிக்கல் இல்லை. அடுத்தது ரமழான். நோயாளிக்குச் சலுகை உண்டு என்று எவ்வளவு சொன்னாலும் உம்மம்மா பிடிவாதமாக இருந்தார். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி, தோல் வழியாக உறிஞ்சப்படும் களிம்புகளும் மருந்துள்ள ஒட்டுகளும் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்திருக்கிறது. மௌலவி ஒருவரிடம் மாமா கேட்டு வந்து இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நோன்பு பிடிக்கும் நிலை அவருக்கு இருக்கவில்லை என்பது வேறு கதை. ஆனாலும் மருந்துக்கும் மார்க்கத்துக்கும் இடையில் தான் சிக்கவில்லை என்ற நிம்மதி அவருக்குத் தேவைப்பட்டது. வைத்தியர்கள் இப்படியான கேள்விகளைச் சிறியதாக நினைக்கக் கூடாது.

சரியான அளவு அமைந்த பிறகு உம்மம்மா இரவில் தூங்கினார். சுபஹுக்கு எழும்பி, படுத்தபடியே தொழுதார். வாப்பா அதன் பிறகு போதைவஸ்து என்ற சொல்லை எடுக்கவில்லை.

அமெரிக்காவில் நடந்தது உண்மைதான். சாதாரண முதுகுவலிக்கும் இந்த வகை மருந்துகளை அள்ளிக் கொடுத்து, பிறகு களவாகத் தயாரிக்கப்பட்ட ஃபென்டனிலும் சேர்ந்து பேரழிவு வந்தது. ஆனால் உலகத்தின் இந்தப் பக்கத்தில் அழிவு வேறு மாதிரி. 2017இல் லான்செட் ஆணைக்குழு ஒரு கணக்கை வெளியிட்டது. உலகில் ஒரு வருடத்துக்கு விநியோகமாகும் மோர்பினும் அதற்கு இணையான மருந்துகளும் சுமார் 298 தொன், அதில் மிக வறிய நாடுகளுக்குப் போவது 0.1 தொன். இந்தியாவில் 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிகளுக்கான மோர்பின் அரிதாகிப் போனது, 2014இல்தான் அதைத் திருத்தினார்கள். அந்தக் காலத்திலேயே கேரளத்தில் டொக்டர் ராஜகோபால், டொக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் 1993இல் கோழிக்கோட்டில் ஒரு வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிறகு மலப்புறம் மாவட்டத்தில் அயலவர்களே பயிற்சி எடுத்து வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் ஏற்பாடு வளர்ந்தது. மலப்புறம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். அங்கே கையில் கொள்வது பெரும்பாலும் மலிவான மோர்பின் குளிசைதான், விலை கூடிய ஒட்டு அல்ல. அதுவும் சரியே. விழுங்கக்கூடியவருக்குக் குளிசை போதும். அளவு நிலைத்த பிறகு விழுங்க முடியாதவருக்குத்தான் ஒட்டு பெரிய உதவி. கிண்ணியாவிலும் மூதூரிலும் நகரத்திலும் ஜனாஸா வேலைக்கு ஓடிவரும் இளைஞர்கள் எத்தனை பேர்! மௌத்துக்கு முந்திய மூன்று மாதத்துக்கும் ஓடிவர ஒரு பத்துப் பேர் பயிற்சி எடுக்க ஏலாதா?

இனி அந்த டின் விஷயம். உம்மம்மா வபாத்தாகி மூன்றாம் கத்தம் முடிந்த கையோடு பக்கத்து வீட்டு மாமி வந்தார். முழங்கால் வலியால் படி ஏற முடியவில்லை. “உம்மாட பிளாஸ்டர் மிச்சம் இருந்தா ஒண்டு தா மகள், அது நல்ல வலுவாம்.” மூன்று ஒட்டுகள் மிச்சம் இருந்தன. உம்மா ஒன்றை எடுத்து நீட்டியேவிட்டார். நான் குறுக்கே பாய்ந்து பறித்தேன். மாமியின் முகம் சுண்டிப்போனது. உம்மாவுக்கு என் மேல் அப்படி ஒரு கோபம். “பிளாஸ்டர்தானே, அயலவருக்கு இதைக்கூடக் கொடுக்காத வீடா இது?”

மோர்பின் வகை மருந்து பழகாத உடம்பில் அந்த ஒட்டு மூச்சை நிறுத்தக்கூடும். உம்மம்மா கிழமைக் கணக்கில் குளிசை குடித்துப் பழகிய பிறகுதான் வைத்தியர் அதை ஒட்டினார். முழங்கால் தேய்வுக்கு அது மருந்தே அல்ல. பாவித்துக் கழற்றிய ஒட்டிலும் மருந்து மீதி இருக்கும். 2012இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் விடுத்த எச்சரிக்கையில், 15 வருடங்களில் பிள்ளைகளுக்குத் தவறுதலாக இந்த ஒட்டுப் பட்ட 26 சம்பவங்களும் அவற்றில் 10 இறப்புகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை இரண்டு வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகள், குப்பையிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டவர்களும் வாயில் போட்டவர்களும் அதில் உண்டு. எங்கள் வீட்டில் தம்பிக்கு வயது மூன்று. பிஸ்கட் டின் என்றால் அவன் என்ன நினைப்பான்?

மறுநாள் நானும் உம்மாவும் மூன்று ஒட்டுகளையும் கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்தோம். திரும்பி வரும்போது, தமிழில் ஒரு தாள் அந்தப் பெட்டிக்குள் இருந்திருந்தால் நான் உம்மாவின் கையைப் பறித்து அவமானப்படுத்தியிருக்கத் தேவையில்லை என்று தோன்றியது. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. உயிருக்கு ஆபத்தான மருந்தைத் தருபவர்கள் மூன்று மொழியிலும் ஒரு பக்கம் அச்சடிப்பது பெரிய செலவா? அவர்கள் செய்யும் வரை, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டுக்கு ஒருத்தி இருக்கிறாள். அந்த வேலை நம்முடையது.

மாமி இரண்டு கிழமை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிறகு நான் போய் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்து, பூசுகிற களிம்பும் தொடைத் தசைக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். வரும் வழியில் முச்சக்கரவண்டிக்குள் மருந்துச்சீட்டை என்னிடம் நீட்டி, “இதையும் தமிழ்ல எழுதித் தா மகள், எழுத்துக் கொஞ்சம் பெரிசா” என்றார்.